மூன்று மடக்குத் தண்ணீர்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வயிறு வலிக்காத நாள் என்று ஒன்று கிடையாது. வியாழக்கிழமை சொல்வதெழுதுதல் என்றால் புதன்கிழமை சாயங்காலமே வலி ஆரம்பித்துவிடும். பென்சில் தொலைந்தால் வலிக்கும். வீட்டில் தம்பிப் பாப்பா பிறந்தால் இரண்டு வாரத்துக்கு வலிக்கும். பக்கத்தில் இருப்பவன் 'உன்கூட கா' என்று சொல்லிவிட்டாலோ, அந்த வலியில் பிள்ளை சுருண்டே போகும். இருபத்தேழு வருடமாக ஒன்றாம் வகுப்பை விட்டு நகராத டீச்சருக்கு இதெல்லாம் கரதலப் பாடம்.

"எங்கே வலிக்குது, காட்டு" என்பார். பிள்ளை தொப்புளில் விரலை வைக்கும். எல்லாப் பிள்ளைகளும் தொப்புளில்தான் வைக்கும். உடனே டீச்சர் முகத்தை மிகவும் தீவிரமாக வைத்துக்கொண்டு அலமாரியைத் திறப்பார். அட்டைப்பெட்டிகளுக்கும் சாக்பீஸ் டப்பாக்களுக்கும் பின்னால் ஒரு சில்வர் பாட்டில் இருக்கும். அதன் மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, "கண்ணை மூடிக்கோ. மூணே மூணு மடக்கு. நடுவுல பேசினா பலிக்காது" என்று கொடுப்பார். பிள்ளை பயபக்தியோடு குடித்துவிட்டுக் கண்ணைத் திறக்கும். "போயிடுச்சா?" "போயிடுச்சு டீச்சர்." அவ்வளவுதான், ஓடிப் போய் உட்கார்ந்துவிடும்.

பாட்டிலில் இருந்தது, ஆயா தினமும் காலையில் குழாயில் பிடித்து வைக்கும் சாதாரணத் தண்ணீர். ஆனால் அதன் பெயர் பள்ளிக்கூடம் முழுக்க 'வயித்துவலித் தண்ணி'. பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அம்மாக்கள், "எங்க வீட்டுக்கும் ஒரு பாட்டில் குடுத்து விடுங்க டீச்சர், என் மாமியாருக்கு வேணும்" என்று கிண்டல் செய்வார்கள். டீச்சருக்கு உள்ளூரப் பெருமைதான். டாக்டர் பட்டம் வாங்காத டாக்டர் என்று ஆசிரியர் அறையில் யாராவது சொன்னால், போங்கப்பா என்று சொல்லிவிட்டு அன்று முழுவதும் சிரித்த முகமாகவே இருப்பார்.

இந்த வருடம் வகுப்பில் முப்பத்துநாலு பேர். அதில் ஒரு பெண்ணுக்கு டீச்சர் வைத்த பெயர் வக்கீலம்மா. ஆள் ஒரு பிடிதான் இருப்பாள். வாய் மட்டும் இரண்டு ஆள் வாய். அவளுக்காக அவள் பேசியதே இல்லை, மற்றவர்கள் வழக்கைத்தான் எடுத்துக்கொண்டு வருவாள். "டீச்சர், அவன் பாத்ரூம் போகணுமாம், கேக்க வெக்கப்படுறான்." "டீச்சர், அவ சிவப்புக் கலரை இவ எடுத்துட்டா, ஆனா இவளும் பாவம், இவகிட்ட சிவப்பே இல்ல." தீர்ப்பையும் அவளே கையோடு கொண்டு வருவாள்: "பாதி பாதியா உடைச்சுக் குடுத்துடலாம் டீச்சர்." ஒரு நாளைக்குப் பத்து தடவை மேசை முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நிற்கும் அந்த உருவத்தைப் பார்த்து டீச்சர் அலுத்துக்கொள்வார். அலுப்பெல்லாம் மேலுக்குத்தான். அவள் வராத நாளில் வகுப்பு என்னவோ மாதிரி இருக்கும்.

அந்த வியாழக்கிழமை வக்கீலம்மா ஒரு பக்கம் மட்டும் பின்னல் போட்டு, மறுபக்கம் முடியை அப்படியே விட்டுக்கொண்டு வந்தாள். அவசர வீட்டுப் பிள்ளை. அம்மாவுக்குத் துணிக் கம்பெனியில் தையல் மிஷின். அப்பா வெளியூர் பஸ் டிரைவர், இரண்டு நாள் வீடு, இரண்டு நாள் ரோடு. டீச்சர் மறுபக்கத்தை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டார். பத்து மணிக்கு அவள் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், வயிறு வலிக்குது."

"யாருக்கு?" என்றார் டீச்சர். அவள் வந்தால் அப்படித்தான் கேட்டுப் பழக்கம்.

"எனக்குத்தான்."

சொல்வதெழுதுதல் நோட்டுகளை அப்போதுதான் எடுத்து வைத்திருந்தார். ஓகோ, வக்கீலம்மாவையும் இந்த நோய் விடவில்லையா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். எங்கே என்று கேட்டார். தொப்புளைக் காட்டினாள். பாட்டில் வந்தது. கண்ணை மூடி மூன்று மடக்கு குடித்துவிட்டு, "கொஞ்சம் போயிடுச்சு" என்றாள். பத்து வார்த்தைகளையும் எழுதினாள். ஒன்பது சரி. மற்ற நாளாக இருந்தால் அந்த ஒரு மதிப்பெண்ணுக்காகக் கால் மணி நேரம் வாதாடுவாள். அன்று நோட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போனாள். இன்றைக்கு நமக்கு நிம்மதி என்று டீச்சர் நினைத்தார். நினைத்தார் என்பதை ஏன் மறைக்க வேண்டும்? வாய்விட்டே சொன்னார்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வந்து நின்றாள். கொஞ்சம் குனிந்தாற்போல நின்றாள். அந்த நேரம் பார்த்து இரண்டு பையன்கள் ஒரு அழிரப்பருக்காகக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். ஒருவன் சட்டைப் பொத்தான் தெறித்து உருண்டு ஓடியது. டீச்சர் ஒரு கையால் ஒருவனைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பாட்டிலை எடுத்து நீட்டினார். "பரீட்சைதான் முடிஞ்சுபோச்சே, இன்னுமா வலிக்குது? இந்தா குடி." எங்கே வலிக்கிறது என்று இந்தத் தடவை கேட்கவில்லை. அவளும் காட்டவில்லை.

மூன்றாவது தடவை, ஓவிய வகுப்பில். எல்லோரும் வீடு வரைந்துகொண்டிருந்தார்கள். வக்கீலம்மா எழுந்து பாதி தூரம் வந்து, "டீச்சர்..." என்றாள். டீச்சர் தலையைத் தூக்காமலே, "என்ன, வக்கீலம்மாவுக்கு இன்னிக்குக் கேஸ் கிடைக்கலையா? வயித்து மேலேயே கேஸ் போட்டுக்கிட்டு இருக்காங்க!" என்றார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. கேஸ் என்றால் என்ன என்று ஒருத்தருக்கும் தெரியாது. டீச்சர் சிரித்தார், அதனால் சிரித்தார்கள். அவள் திரும்பிப் போய் மேசை மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். மூன்றரை மணிக்கு மணி அடித்ததும் எழுந்து, வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "போயிடுச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். டீச்சர் மனசைக் குளிர்விக்கத்தான் அதைச் சொன்னாள் என்று அன்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டீச்சரின் தங்கை போன் செய்தாள். தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். "அக்கா, உன் ஸ்கூல் பொண்ணு ஒண்ணு இங்க இருந்துச்சு" என்றாள். இருக்கிறது என்று சொல்லவில்லை. டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"குடல்வால் வெடிச்சுடுச்சுக்கா. வியாழக்கிழமை ராத்திரி கொண்டு வந்தாங்க, உடம்பு நெருப்பா கொதிச்சுது. ஆபரேஷன் பண்ணியும் சீழ் வயிறு முழுக்கப் பரவிடுச்சு. இன்னிக்குக் காலையில போயிடுச்சு."

"எப்போ வெடிச்சுதாம்?"

"அது யாருக்குத் தெரியும்? மத்தியானத்துக்கு மேல இருக்கும்னு டாக்டருங்க பேசிக்கிட்டாங்க. வெடிச்சதும் கொஞ்ச நேரம் வலி விட்ட மாதிரி இருக்கும்க்கா. அதுல ஏமாந்துடுவாங்க."

போயிடுச்சு டீச்சர் என்று அவள் சொன்னது பொய்யில்லை. "மத்தியானமே கூட்டிட்டுப் போயிருந்தா?" என்று டீச்சர் கேட்டார். தங்கை, "நீ சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை டீச்சர் போய் வகுப்பில் நின்றார். நிற்க முடிந்தது என்பதே அவருக்கு அசிங்கமாக இருந்தது. முப்பத்துமூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். வீட்டில் பெரியவர்கள் ஏதேதோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாமிகிட்ட போயிட்டா, ஊருக்குப் போயிட்டா, தூங்குறா. ஆளுக்கொரு கதை. அழிரப்பர் சண்டைக்காரன்தான் எழுந்து கேட்டான்.

"டீச்சர், அவளுக்கு ரெண்டு தடவை தண்ணி குடுத்தீங்களே, அப்புறம் ஏன் செத்துப் போனா?"

அவன் குற்றம் சாட்டவில்லை. இரண்டும் இரண்டும் ஏன் நாலு என்று கேட்கும் குரலில்தான் கேட்டான். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுத வந்த எழுத்து எது என்றே மறந்துவிட்டது. அன்று மதியம் யாருக்கும் தெரியாமல் சில்வர் பாட்டிலை எடுத்துக் கழுவுமிடத்தில் கவிழ்த்தார். பாட்டிலைக் குப்பையில் போட்டார். அதனால் மனசு கொஞ்சமாவது ஆறியதா என்றால், இல்லை.

தலைமை ஆசிரியை அவரைவிடப் பத்து வயது சின்னவர். பொல்லாதவர் இல்லை, பள்ளிக்கூடத்தைத் தலையில் சுமப்பவர். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்.

"டீச்சர், அவங்க அப்பா எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு அலையுறார். ஸ்கூல்ல பொண்ணு ஏதாவது சொன்னாளா, யாராவது கவனிச்சாங்களான்னு. உங்ககிட்டயும் வருவார். ஒண்ணும் சொல்லலைன்னு ஒரே வார்த்தையா முடிச்சுக்கங்க."

"அவ சொன்னா மேடம். மூணு தடவை வந்தா."

"எனக்குத் தெரியும். அதான் சொல்றேன்."

"முப்பத்துமூணு பசங்க பார்த்திருக்காங்க."

"ஆறு வயசுப் பசங்க சொல்றதை யார் எடுத்துக்குவாங்க? உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு. இருபத்தேழு வருஷம் நல்ல பேர் வாங்கியிருக்கீங்க. ஒரே நாள்ல மண்ணாக்கிக்காதீங்க. உண்மையைச் சொல்லிட்டா அந்தப் பொண்ணு எழுந்து வந்துடுமா?"

எழுந்து வராதுதான். ஆனால் டீச்சருக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பாதி தூரத்தில் நின்றுவிட்ட அந்தச் சின்ன உருவம்தான். எல்லார் வழக்கையும் பேசிய பிள்ளை, தன் வழக்கைப் பேச வந்தபோது சிரித்துத் துரத்தியாயிற்று. இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், அதுவும் பெற்றவர்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். அவர்கள் அடிக்கட்டும், போலீசுக்குப் போகட்டும், வேலை போனால் போகட்டும். மூன்று வருட சர்வீசை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்? அந்த வீட்டு வாசல்வரை இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். குழந்தையின் செருப்பும் அந்த வரிசையிலேயே இருந்தது.

பதினோராம் நாள் அவர்களே வந்தார்கள். அப்பா ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட ஆபீசுக்குள் போனார். அம்மா மட்டும் நோட்டுகளை வாங்கிப் போக ஒன்றாம் வகுப்புக்கு வந்தாள். விளையாட்டு நேரம், பிள்ளைகள் எல்லோரும் மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். முப்பது வயதுகூட இருக்காது அவளுக்கு. விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்புகள். டீச்சர் அவளை உட்காரச் சொன்னார். அவள் பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள்.

டீச்சர் நோட்டுகளை எடுத்து அடுக்கினார். நாலு நோட்டு. நாலையும் இரண்டு தடவை அடுக்கினார். பிறகு இனி தாமதித்தால் முடியாது என்று தெரிந்து, நின்றபடியே சொன்னார்.

"அன்னிக்கு அவ என்கிட்ட சொன்னாம்மா. வயிறு வலிக்குதுன்னு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை வந்தா. ரெண்டு தடவை வெறும் தண்ணியைக் குடுத்து உக்கார வெச்சுட்டேன். மூணாவது தடவை... மூணாவது தடவை கேலி பண்ணி அனுப்பிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஒரு போன் பண்ணியிருந்தா உங்க பொண்ணு இன்னிக்கு இருந்திருப்பா. என்னைத் திட்டுங்கம்மா. என்ன வேணும்னாலும் பண்ணுங்க."

அந்த அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றும் இருந்தது. அவள் எழுந்து போய் வராந்தாவை எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள்.

"காலையில எழுந்ததுமே என்கிட்ட சொல்லிட்டா டீச்சர்" என்றாள்.

டீச்சருக்குச் சட்டென்று புரியவில்லை.

"தலை பின்னிக்கிட்டு இருந்தேன். பாதியிலேயே சுருண்டு படுத்துட்டா. ஏழே முக்காலுக்கு நான் மிஷின்ல உக்காரணும். அதுக்கு முந்தின வாரம்தான் ஜுரம்னு ரெண்டு நாள் லீவு போட்டிருந்தேன், சூப்பர்வைசர் இனிமே லீவு கேட்டா வரவே வேணாம்னு சொல்லியிருந்தாரு. அழுதா. ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அழுதா. நான்தான், டீச்சர்கிட்ட சொல்லு கண்ணு, அந்தத் தண்ணி தருவாங்க, குடிச்சா சரியாயிடும்னு தூக்கி வேன்ல உக்கார வெச்சேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டே போனா."

மைதானத்தில் யாரோ அவுட், அவுட் என்று கத்தினார்கள்.

"அது வெறும் தண்ணின்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? தெரியும். நீங்க பார்த்துப்பீங்கன்னு நினைச்சேன். பக்கத்துல ஒரு பெரியவங்க இருக்காங்கன்னு நினைச்சேன்."

டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் அம்மா இருக்கிறாள் என்று நினைத்தேன் என்று சொல்ல நினைத்தார். காலையில் பார்த்துத்தானே அனுப்பியிருப்பார்கள் என்று அன்று உண்மையிலேயே நினைத்திருந்தார். அந்த அம்மா வந்து டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

"அவங்க அப்பாவுக்கு இது தெரியாது. அவரு அன்னிக்கு ரோட்டுல இருந்தாரு. காலையில சிரிச்சுக்கிட்டே போனான்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்போ நீங்க மூணு தடவை சொன்னான்னு அவர்கிட்ட சொன்னீங்கன்னா, பத்து மணிக்கே வலின்னா வீட்டுலயே இருந்திருக்குமேன்னு கேப்பாரு. என் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். அப்புறம் அவர் என்கூட இருக்க மாட்டாரு டீச்சர். அவளை அந்த மாதிரி வெச்சிருந்தாரு. எனக்கு இனிமே அவர் மட்டும்தான் இருக்காரு."

"அம்மா..."

"உங்க வேலைக்காகக் கேக்கலை. எனக்காகக் கேக்கறேன். சொல்லாதீங்க."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் கையை விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டுகளை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார். நல்ல உயரம், குட்டி நாற்காலிகளுக்கு நடுவே எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றார். டிரைவர் யூனிபார்ம் சட்டையிலேயே வந்திருந்தார், சவரம் செய்யாத முகம். டீச்சருக்கு வணக்கம் வைத்தார். மனைவியைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தார், மறுபடி டீச்சரைப் பார்த்தார்.

"எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன் டீச்சர். வேன்காரரைக் கேட்டேன், ஆயாவைக் கேட்டேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நான் யாரையும் குறை சொல்ல வரலை. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்னிக்குப் பூரா வலியைப் பொறுத்துக்கிட்டு உக்காந்திருந்தாளா? உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

டீச்சர் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் கணவருக்குத் தெரிந்துவிடும். பதினோரு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. பிள்ளைகள் பொய் சொன்னால் அவர்கள் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமை பேசியவர், அந்த அப்பாவின் கண்ணை நேராகப் பார்த்தார்.

"இல்லைங்க. ஒண்ணும் சொல்லலை."

"நல்லா இருந்தாளா?"

"நல்லா இருந்தா."

"சிரிச்சாளா?"

"சிரிச்சா. சொல்வதெழுதுதல்ல ஒன்பது வாங்கினா. அந்த ஒரு மார்க்குக்காக என்கூடச் சண்டை போட்டா."

அவர் முகம் தளர்ந்தது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் மூச்சு விடுபவர் மாதிரி நெஞ்சு ஏறி இறங்கியது. அழுதுகொண்டே சிரிக்கப் பார்த்தார்.

"போடுவா. போடுவா. வீட்டுலயும் அப்படித்தான்." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனைவி கையிலிருந்த நோட்டுகளைத் தான் வாங்கிக்கொண்டார். வாசலுக்குப் போனவர் நின்று திரும்பினார்.

"அதானே டீச்சர். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க சும்மா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன் என்று டீச்சர் தலையாட்டினார்.